மாணவரா, பணியாளரா? மைசூரு வளாக நிகழ்வும் நீண்டகாலப் பயிற்சியாளரின் சட்ட நிலையும் - ஒரு விளக்கம்

மைசூரு: பொறியியல் பட்டம் பெற்று, பெரிய நிறுவனம் ஒன்றில் பல மாதப் பயிற்சியில் சேரும் இளைஞர், சட்டத்தின் பார்வையில் மாணவரா அல்லது பணியாளரா? இந்தக் கேள்வி 2025 பிப்ரவரி 7-ஆம் தேதி மைசூருவில் இருந்து நாடு முழுவதும் எழுந்தது. இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மைசூரு வளாகத்தில் அடிப்படைப் பயிற்சி பெற்று வந்த 300-க்கும் மேற்பட்டோர் அன்று விடுவிக்கப்பட்டனர்.

அதன் பிறகு தொழிலாளர் சட்டங்களே மாறிவிட்டன. 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. இருப்பினும், பயிற்சியாளர் குறித்த கேள்வி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. கல்லூரி வளாக நேர்காணலில் தேர்வாகி, பெட்டியுடன் வெளிமாநிலத்துக்குப் புறப்படும் மாணவரும் அவரது பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

மைசூருவில் நடந்தது என்ன?

1981-இல் தொடங்கப்பட்ட இன்ஃபோசிஸ், இன்று மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் பணிபுரியும் நிறுவனம். அதன் மைசூரு வளாகம் 300 ஏக்கருக்கும் கூடுதலான பரப்பில் அமைந்துள்ளது. இங்குள்ள உலகளாவிய கல்வி மையத்தின் இரண்டாம் கட்டடம் 2009 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 10,000-க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளிக்கும் வசதி இங்கு உள்ளது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் பொறியியல் பட்டதாரிகள் தங்கள் பணி வாழ்வின் முதல் மாதங்களைக் கழிப்பது இந்த வளாகத்தில்தான்.

2025 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டவர்களில் பலர் 2022-ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்கள். தேர்வுக் கடிதம் கிடைத்த பிறகும் பணியில் சேர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த இவர்கள், 2024 அக்டோபரில்தான் பயிற்சியில் சேர்க்கப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. சேர்ந்த நான்கு மாதங்களில் அவர்கள் வெளியேற நேர்ந்தது.

அடிப்படைப் பயிற்சிக்குப் பின் நடைபெறும் உள் மதிப்பீட்டுத் தேர்வில் ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்புகள் அளிக்கப்படுகின்றன என்றும், மூன்றிலும் தேர்ச்சி பெறாதவர்கள் தொடர முடியாது என்பது ஒப்பந்தத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளது என்றும் நிறுவனம் விளக்கம் அளித்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நடைமுறை இருந்து வருவதாகவும் அது தெரிவித்தது. தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான நைட்ஸ் அமைப்போ, விடுவிக்கப்பட்டோர் எண்ணிக்கை சுமார் 700 என்று கூறி, மத்திய தொழிலாளர் அமைச்சகத்தில் முறையிட்டது. இதனை ஆராய்ந்து நடவடிக்கை எடுக்குமாறு அமைச்சகம் கர்நாடக அரசைக் கேட்டுக்கொண்டது.

மாநிலத் தொழிலாளர் துறை அதிகாரிகள் நிறுவன வளாகங்களுக்குச் சென்று விசாரித்தனர். விடுவிக்கப்பட்டோர் பயிற்சி நிலையில் இருந்தவர்கள் என்றும், வழக்கமான பணி நியமனம் அல்லாததால் தொழிலாளர் சட்ட மீறல் இல்லை என்றும் அதிகாரிகள் கருத்துத் தெரிவித்ததாக அந்த மாத இறுதியில் செய்திகள் வெளியாயின. ஏப்ரல் மாதத்தில் மேலும் சில நூறு பேர் இதே முறையில் விடுவிக்கப்பட்டனர்.

பயிற்சிக்கால அனுபவம்

கல்லூரி வாழ்க்கையின் தொடர்ச்சியாகவே இத்தகைய வளாகப் பயிற்சி தோற்றமளிக்கிறது. விடுதி அறை, வகுப்பறை, பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் என எல்லாம் பழகியவையே. முதல் வாரங்களில் நிரல் எழுதுதல், தரவுத்தளம் போன்ற அடிப்படைகள் கற்பிக்கப்படுகின்றன. அதன் பின் குறிப்பிட்ட தொழில்நுட்பப் பிரிவுகளுக்குப் பயிற்சியாளர்கள் பிரிக்கப்படுகின்றனர். கணினி அறிவியல் அல்லாத பிரிவுகளில் பட்டம் பெற்றவர்களும் அதே தேர்வைச் சந்திக்க வேண்டியிருப்பதால், இயந்திரவியல் அல்லது கட்டடவியல் படித்தவருக்குச் சுமை கூடுதலாகிறது.

ஆனால் கல்லூரிக்கும் இதற்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உள்ளது. கல்லூரியில் ஒரு தாளில் தோல்வியுற்றால் மாணவர் என்ற நிலை மாறுவதில்லை; அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம். நிறுவனப் பயிற்சியில் அனுமதிக்கப்பட்ட வாய்ப்புகள் தீர்ந்தால், தேர்வுடன் வருமானமும் தங்குமிடமும் சேர்ந்தே முடிவுக்கு வருகின்றன. மாதந்தோறும் பணம் கைக்கு வருவதால் குடும்பத்தினர் அதனை நிரந்தர வேலையாகவே கருதுகின்றனர். கல்விக் கடன் தவணை, தம்பி தங்கையின் படிப்புச் செலவு ஆகியவை அந்தத் தொகையை நம்பித் திட்டமிடப்படுகின்றன. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நிபந்தனை இந்தத் திட்டங்கள் அனைத்தையும் விட வலிமையானது என்பது, அது பயன்படுத்தப்படும் நாளில்தான் பலருக்கும் தெரியவருகிறது.

ஒரே சொல், மூன்று நிலைகள்

'பயிற்சி' என்ற ஒரே சொல்லால் நடைமுறையில் மூன்று வெவ்வேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன.

முதலாவது, உள்ளகப் பயிற்சி எனப்படும் இன்டர்ன்ஷிப். படிக்கும்போதே கல்லூரியின் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக நிறுவனத்தில் சில வாரங்களோ மாதங்களோ பணியாற்றுவது இதில் அடங்கும். இங்கு மாணவரின் முதன்மைத் தொடர்பு கல்லூரியுடன் உள்ளது. நிறுவனத்தில் சிக்கல் எழுந்தாலும் மாணவர் என்ற நிலை நீங்குவதில்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் உள்ளதுபோல், தொழிற்கூடப் பயிற்சியைப் படிப்பின் நடுவிலேயே இணைத்துள்ள 'சாண்ட்விச்' பட்டப்படிப்புகளும் உண்டு. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் இவற்றிலிருந்து மாறுபட்டது. முழுநேர மாணவர் அல்லாத 21 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கு முன்னணி நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். மாதம் 5,000 ரூபாயும், ஒரு முறை மட்டும் 6,000 ரூபாயும் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. முன்னோட்டத்தின் முதல் சுற்றில் 28,000-க்கும் மேற்பட்டோர் வாய்ப்பை ஏற்றபோதிலும், பயிற்சியில் சேர்ந்தோர் 9,000-ஐ எட்டவில்லை.

இரண்டாவது, தொழிற்பழகுநர் பயிற்சி. இது 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருகிறது. நிறுவனத்துக்கும் பயிற்சியாளருக்கும் இடையே எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது அரசிடம் பதிவு செய்யப்பட வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குறைந்தபட்ச மாத உதவித்தொகை கல்வித் தகுதிக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயிக்கப்பட்டது. இதனை 6,800 முதல் 12,300 ரூபாய் வரை உயர்த்தலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. இச்சட்டத்தின் 18-ஆவது பிரிவு, தொழிற்பழகுநர் ஒரு பயிற்சியாளரே, தொழிலாளர் அல்லர் என்று தெளிவாகக் கூறுகிறது. எனவே தொழிலாளர்களுக்கான சட்டங்கள் இவர்களுக்குப் பொருந்துவதில்லை. வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் இவர்களை உள்ளடக்கவில்லை.

மூன்றாவது, நிறுவனம் தானே தேர்ந்தெடுத்து, தன் சொந்த நிபந்தனைகளின்படி அளிக்கும் பணிமுன் பயிற்சி. 'டிரெய்னி' என்ற பதவிப் பெயருடன் வழங்கப்படும் கடிதங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கு பயிற்சியாளரின் உரிமைகளைத் தீர்மானிப்பவை நியமனக் கடிதத்தின் வாசகங்களும், அவர் உண்மையில் செய்யும் வேலையின் தன்மையுமாகும்.

ஒரே வகுப்பறையில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர், கையெழுத்திட்ட கடிதத்தைப் பொறுத்து இருவேறு சட்ட நிலைகளில் இருக்கக்கூடும்.

240 நாள் கணக்கு

பிப்ரவரி நிகழ்வின்போது நடைமுறையில் இருந்தது 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம். 'தொழிலாளர்' என்பதற்கு அச்சட்டம் அளித்த வரையறை, பயிலுநரையும் உள்ளடக்கியிருந்தது. இதனைச் சுட்டிக்காட்டிப் பயிற்சியாளர்களுக்கும் ஆட்குறைப்புப் பாதுகாப்பு உண்டு என்று வாதிட இடம் இருந்தது.

ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெற மற்றொரு நிபந்தனையும் நிறைவேற வேண்டும். ஆட்குறைப்புக்கு முன் ஒரு மாத அறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் பெறுவதற்கு, ஓராண்டு தொடர் பணி தேவை. 12 மாதங்களில் 240 நாட்கள் பணியாற்றியிருந்தால் அது ஓராண்டாகக் கருதப்படும். 2024 அக்டோபர் 1-ஆம் தேதியில் இருந்தே எண்ணினாலும், 2025 பிப்ரவரி 7 வரை 130 நாட்கள் மட்டுமே ஆகின்றன. தேர்வுக் கடிதத்துடன் வீட்டில் காத்திருந்த இரண்டு ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேரா.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு 1946-ஆம் ஆண்டு தொழில் நிலையாணைகள் சட்டத்தில் இருந்து கர்நாடக அரசு அளித்து வந்த விலக்கும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பயிற்சிநிலை, தகுதிகாண் நிலை உள்ளிட்ட பணிநிலைகளையும் பணி நீக்க நடைமுறையையும் எழுத்தில் வரையறுத்து அரசின் சான்று பெற வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். 2024-இல் இந்த விலக்கு மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. குறை தீர்க்கும் குழு, பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள் குழு ஆகியவற்றை அமைப்பதும், ஒழுங்கு நடவடிக்கைகளைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிப்பதும் விலக்குக்கான நிபந்தனைகளில் அடங்கும்.

புதிய சட்டத்தில் என்ன மாற்றம்?

2025 நவம்பர் 21 முதல், தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தை 2020-ஆம் ஆண்டு தொழில் உறவுகள் தொகுப்பு பெற்றுள்ளது. இதில் 'தொழிலாளர்' என்ற வரையறையில் இருந்து, தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளனர். பழைய சட்டத்தில் இருந்த 'பயிலுநர் உட்பட' என்ற சொல்லாட்சி இப்போது இல்லை.

அதே நேரத்தில், விலக்கு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவோருக்கு மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளது. நிறுவனத்தின் சொந்தப் பயிற்சித் திட்டத்தில் இருப்பவர் தொழிலாளர் வரையறைக்குள் வருவாரா என்பது அவர் செய்யும் வேலையின் தன்மை, ஊதியம் ஆகியவற்றைப் பொறுத்து முடிவு செய்யப்பட வேண்டியதாகவே உள்ளது. பணியாளர் ஒவ்வொருவருக்கும் எழுத்துப்பூர்வ நியமனக் கடிதம் வழங்கப்பட வேண்டும் என்று புதிய தொகுப்புகள் வலியுறுத்துவது, இந்தக் கேள்விக்கு ஆவண அடிப்படையில் விடை காண உதவக்கூடும்.

அதே ஊரில் மற்றொரு பயிற்சி

மைசூருவின் அசோகபுரத்தில் ரயில்வே பணிமனை உள்ளது. தென்மேற்கு ரயில்வேயின் இந்த மத்தியப் பணிமனையில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தொழிற்பழகுநர்களாகச் சேர்க்கப்படுகின்றனர். பத்தாம் வகுப்பு மற்றும் ஐ.டி.ஐ. மதிப்பெண்களின் அடிப்படையில் தேர்வு நடைபெறுகிறது. உதவித்தொகை, தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பயிற்சிக்கால ஊதியத்தை விடக் குறைவு. பயிற்சி முடிந்ததும் வேலை கிடைக்கும் என்ற உறுதிமொழியும் இல்லை.

எனினும், இங்குப் பயிற்சியின் கால அளவு முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. ஒப்பந்தம் பதிவு செய்யப்படுகிறது. ரயில்வேயின் முதல்நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், பயிற்சி முடித்த தொழிற்பழகுநர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. பயிற்சி முடிந்த அடுத்த நாள் தன் நிலை என்ன என்பது அசோகபுரம் பயிற்சியாளருக்குச் சேரும்போதே தெரியும்.

ஜெர்மனியில் உள்ள நடைமுறையும் ஒப்பிடத்தக்கது. அங்குத் தொழிற்பயிற்சியாளர்கள் வாரத்தில் சில நாட்கள் நிறுவனத்திலும் சில நாட்கள் தொழிற்பள்ளியிலும் பயில்கின்றனர். தொழிற்கல்விச் சட்டத்தின்படி, தொடக்கத் தகுதிகாண் காலம் ஒன்று முதல் நான்கு மாதங்கள் வரை மட்டுமே இருக்கலாம். அதன் பின் தக்க பெரிய காரணம் இன்றி நிறுவனம் பயிற்சி ஒப்பந்தத்தை முறிக்க இயலாது. பட்டதாரிகளைப் பணிக்கு எடுக்கும் முறைக்கு இச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது எனினும், நிச்சயமற்ற காலத்துக்கு ஓர் எல்லை வகுக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

எந்த நிலையிலும் நீங்காத பாதுகாப்புகள்

தொழிலாளர் அல்லர் என்று கூறப்படுவதால் பயிற்சியாளருக்கு உரிமையே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 'ஊழியர்' என்ற வரையறைக்குள் பயிற்சியாளர், தொழிற்பழகுநர், தகுதிகாண் பருவத்தினர் ஆகிய அனைவரையும் சேர்த்துள்ளது. நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடமாகவே கருதப்படும். நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் நிறுவனத்தின் உள் குழுவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம்.

தொழிற்பழகுநர் பயிற்சியின்போது விபத்தில் காயமடைந்தால், இழப்பீடு வழங்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. ஒப்பந்த நிபந்தனைகளை நிறுவனம் நிறைவேற்றத் தவறியதால் பயிற்சி முடிவுக்கு வந்தால், விதிகளில் வகுக்கப்பட்ட இழப்பீட்டைக் கோரலாம். இத்தகைய தகராறுகளைத் தொழிற்பழகுநர் ஆலோசகர் விசாரித்து முடிவு செய்வார். அவரது முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பட்டதாரி மற்றும் பட்டயப் பயிற்சியாளர்களுக்கான தேசியப் பயிற்சித் திட்டத்தை, தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட தென்மாநிலங்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனித்து வருகிறது. எனவே மைசூருவில் இத்திட்டத்தின் கீழ்ப் பயிற்சி பெறும் தமிழ்நாட்டு மாணவரும் அணுக வேண்டிய அலுவலகம் சென்னையிலேயே உள்ளது.

பணிப் பத்திரம் செல்லுமா?

பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும், தவறினால் தொகை செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையைச் சில நிறுவனங்கள் விதிக்கின்றன. இத்தகைய பத்திரங்கள் எதுவும் செல்லாது என்ற பொதுவான நம்பிக்கை சரியன்று. மூன்று ஆண்டுகள் பணியாற்றாமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை தொடர்பான விஜயா வங்கி வழக்கில், அந்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி ஒன்றின் பணி நியமனம் தொடர்பான வழக்கு. பொதுவாக, கோரப்படும் தொகை நியாயமானதா என்பதை நீதிமன்றங்கள் ஆராய்கின்றன. ஆகவே தொகையையும் காலத்தையும் பார்க்காமல் கையெழுத்திடுவது ஆபத்தானது.

கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில், கடிதத்தில் உள்ள சொல்லைக் கவனிக்க வேண்டும். உள்ளகப் பயிற்சியா, தொழிற்பழகுநரா, பயிற்சிப் பணியாளரா என்பதே பிற எல்லாவற்றுக்கும் அடிப்படை. தொழிற்பழகுநர் எனில், ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறலாம். மாதத் தொகை 'உதவித்தொகை' என்று குறிப்பிடப்பட்டுள்ளதா, 'ஊதியம்' என்று குறிப்பிடப்பட்டுள்ளதா என்பதையும், வருங்கால வைப்பு நிதி பிடித்தம் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, மதிப்பீட்டு நிபந்தனைகள். எத்தனை தேர்வுகள், தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு, எத்தனை வாய்ப்புகள், இடையில் பாடத்திட்டமோ மதிப்பெண் அளவோ மாற்றப்படலாமா என்பவை எழுத்தில் உள்ளனவா என்று கேட்பதில் தவறில்லை. தேர்ச்சி பெறாவிடில் அறிவிப்புக் காலம், ஊர் திரும்பும் செலவு, தங்குமிடத்தைக் காலி செய்ய அவகாசம் ஆகியவை உண்டா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சேரும் தேதி குறிப்பிடப்படாத தேர்வுக் கடிதத்தை நம்பி வேறு வாய்ப்புகளைக் கைவிடுவது குறித்து இருமுறை சிந்திப்பது நல்லது.

அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காமல், சரிபார்ப்புக்குக் காட்டி உடனே திரும்பப் பெறுவதே பாதுகாப்பானது. கடிதங்கள், மதிப்பெண் விவரங்கள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களைச் சொந்த மின்னஞ்சலில் சேமித்து வைக்க வேண்டும். வெளியேறும் நாளில் நிறுவனக் கணினியும் அலுவலக மின்னஞ்சலும் முடக்கப்பட்ட பின் அவற்றைப் பெறுவது கடினம்.

விடுவிக்கப்படும் நிலை ஏற்பட்டால், அளிக்கப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டியதில்லை. அதில் உள்ள வாசகம் 'விலகல்' என்று கூறுகிறதா, 'விடுவிப்பு' என்று கூறுகிறதா என்பது முக்கியமானது. தானாக விலகியதாக எழுதிக் கொடுத்தவர், பின்னர் தான் நீக்கப்பட்டதாக முறையிடுவது எளிதன்று. பணிபுரிந்த காலத்தைக் குறிப்பிடும் விடுவிப்புக் கடிதத்தைத் தவறாமல் கேட்டுப் பெற வேண்டும். அடுத்த நேர்காணலில் அந்த மாதங்களைக் கணக்குக் காட்ட உதவும் ஆவணம் அதுவே.

கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனை மாணவர்கள் தேர்வாயினர் என்ற எண்ணிக்கை விளம்பரப் பலகைகளில் இடம்பெறுகிறது. அவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் சேர்க்கப்பட்டனர், எத்தனை பேர் பயிற்சியை முடித்துப் பணியில் தொடர்ந்தனர் என்ற விவரத்தையும் சேகரித்து வெளியிட்டால், அடுத்த ஆண்டு மாணவர்கள் தங்கள் முன் வைக்கப்படும் கடிதத்தின் உண்மையான மதிப்பை அறிந்து கையெழுத்திட முடியும்.